காலிக் கேமராவும் தம்பியின் மூக்கும்

வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமல் படம் எடுத்ததற்காக ஒரு பெண்மணிக்கு விருது கொடுத்தார்கள். அந்த விழாவில் ஏழு பேர் பேசினார்கள். மூன்றாவதாக மைக்கைப் பிடித்தவர், "அம்மையாரின் மௌனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம்" என்றார். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்.

விருது வாங்கியவருக்கு மூலையம்மா என்று பெயர். படம் எடுக்க எங்கே போனாலும் ஒரு மூலையைப் பிடித்து, ஒரு முக்காலியைப் போட்டு, அதில் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்த்துத் தொழிலாளர்கள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் விருதுக் கேடயத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

ஆரம்பத்தில் அவர் செய்திப்பட அலுவலகத்தில் பிலிமை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் கொட்டகையில் பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் செய்திப்படம் காட்டுவார்கள். அதில் ஒரு கனத்த குரல் பேசும். குரலை முதலில் பதிவு செய்துவிடுவார்கள். அந்தக் குரலுக்குக் கீழே படத்தை அளந்து ஒட்டுவதுதான் மூலையம்மாவின் வேலை. கோட்டுக்கு உள்ளே அஸ்தர் துணி தைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பாலம் திறப்பு விழா. "மக்கள் வெள்ளம் ஆனந்தக் கூத்தாடியது" என்று குரல் முழங்கியது. பிலிமில் இருந்த மக்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, செருப்பைக் கழற்றி, அதற்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். கல் வரவில்லை. செருப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மறுபடி தட்டினார். மூலையம்மா பாலம் திறந்த அமைச்சரைக் குறைத்துவிட்டு, கல் விழும் வரைக்கும் அந்த ஆளை விட்டுவைத்தார்.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"யாரும்மா இந்தாளு?"

"தெரியாது சார்."

"தெரியாதவனை எதுக்கு இவ்ளோ நேரம் காட்டுறே?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான் சார்."

அந்த வாரமே வேலை போயிற்று. இந்த உரையாடலில்தான் நம் ஆவணப்படத்தின் புதிய யுகம் பிறந்தது என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறந்த சமயத்தில் அதற்குக் கொழுப்பு என்று பெயர்.

அம்மாவின் வளையல்கள் பழைய கேமரா ஒன்றாக உருமாறின. ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பிடித்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் மைக்கைக் கொடுத்தார். அன்றிலிருந்து தம்பியின் பெயர் காது. ஒலிப்பதிவாளன் பேசினால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால் அவன் வேலை நேரத்தில் வாயைத் திறக்க முடியாது. வீட்டில் அவன் மனைவி திறக்க விட்டதில்லை. ஆக, இருபது வருஷம் ஊமையாகவே குடித்தனம் நடத்தினான். மூலையம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருத்தியோடு எப்படி வாழ்வது என்று யாரோ ஒருவர் கேட்டுவிட்டுப் போனதாகக் கேள்வி.

மூலையம்மாவின் சட்டதிட்டங்கள் கறாரானவை. யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. "இன்னொரு வாட்டி செஞ்சு காட்டுங்க" என்று சொல்லக் கூடாது. வயலின் அழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருக்கும் மனிதர்களுக்கு மேலே வெளியாள் எவனும் பேசக் கூடாது.

முதல் படம் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறையைப் பற்றியது. பார்க்க வந்த கொஞ்சம் பேரில் ஒருவர் எழுந்து, ஒலிபெருக்கி ரிப்பேராகிவிட்டது என்று புகார் கொடுத்தார். ஒரு விமர்சகர் இப்படி எழுதினார்: "இரண்டு மணி நேரமாக ஒரு குடைக்குச் சொந்தக்காரர் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை." அதே விமர்சகர் மறுநாளும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஒருவேளை இன்றைக்கு வந்துவிட்டால்?

இத்தனை இயல்பாக மனிதர்கள் கேமராவில் எப்படி மாட்டுகிறார்கள் என்று ஊரே அதிசயித்தது. அது தொழில் ரகசியம். அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும். முதல் மாதம் கேமராவில் பிலிமே இருக்காது. காலிக் கேமராவை முக்காலிக்கு முன்னால் நிறுத்தி மோட்டாரை ஓட விடுவார். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். முதல் நாள் எல்லாரும் தலை வாரிக்கொண்டு வருவார்கள். அடுத்த வாரம் முதுகைக் காட்டி நிற்பார்கள். அதற்கும் அடுத்த வாரம் கேமரா மேல் துண்டைக் காயப்போடுவார்கள். துண்டு விழுந்த பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், பிலிமைப் போடுவார். சத்தம் அதே சத்தம்தான். எது வெறும் ஓட்டம், எது நிஜ ஓட்டம் என்று எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

"மறந்துட்டாங்கன்னா நெஜமாயிடுவாங்க" என்பார் மூலையம்மா.

தம்பிக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சொறிவான். "அந்த மூக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று அக்கா திட்டுவார். சொட்டு மருந்துகூட வாங்கிக் கொடுத்தார்.

அவர் பேரைச் சொல்லும் படம், பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எடுத்தது. கட்டடத்தின் பின்பக்கம், சன்னலே இல்லாத நீளக் கூடம். ஒரு முனையில் ரத்தமும் மருந்தும் நாறும் மூட்டைகள் வந்து விழும். மறுமுனையில் வெள்ளை வெளேரென்று மடித்த விரிப்புகள் வண்டியேறும். நடுவில் ஆவி. அந்த ஆவிக்குள் பெண்கள். விரிப்பு வேகும் கொப்பரையைக் கிண்டும் பெண்மணிதான் அங்கே எல்லாம். அவரையே கொப்பரை என்று கூப்பிட்டார்கள். குரலும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

காலிக் கேமரா ஓடிக்கொண்டிருந்த முதல் வாரத்தில், கொப்பரை கையைத் துடைத்துக்கொண்டு முக்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கொட்டகையில செய்தி ஓடும்போது மேல ஒருத்தன் பேசுவானே, அந்த மாதிரி எங்க மேல எவனாச்சும் பேசுவானா?"

"மாட்டாங்க."

"நாங்க பேசுறது மட்டும்தான் வருமா? நாங்க டாக்டரைத் திட்டுறதெல்லாம் வருமே?"

"வரும். வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"அது இருக்கட்டும். திட்டுனது நாங்கதானே. எவனோ வந்து எங்களைப் பத்தி எங்க தலை மேல உக்காந்து பேசக் கூடாது. அவ்ளோதான்."

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் யாரும் பேச மாட்டாங்க" என்றார் மூலையம்மா.

தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். காதில் ஹெட்போன் இருந்தது. ஆகவே மற்ற எல்லாரையும்விடத் தெளிவாகக் கேட்டிருப்பான்.

படம் வந்தது. நோயாளி ஒருவரின் சட்டைப் பையில் கிடைத்த பல்செட் ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் அடித்த கூத்தைப் பார்த்து அரங்கம் உருண்டு புரண்டது. "இது யார் வாய்க்குப் பொருந்துதோ அவருக்கு மாலை போடுறேண்டி" என்று ஒரு பெண் சொல்ல, "எலும்பு டாக்டரைக் கேட்டுப் பாரு, அவருக்குப் பல்லும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல" என்று கொப்பரை பதில் கொடுப்பார். ஆனால் படிக்கிற பிள்ளைகள் பல வருஷம் எழுதித் தள்ளியது வேறொரு காட்சியைப் பற்றி. உலர்த்தியிலிருந்து வந்த விரிப்புகள் மலை போலக் குவிந்திருக்கின்றன. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்தச் சூட்டில் சாய்கிறார்கள். கொப்பரையும் வந்து சாய்கிறார். ஒருத்தி இன்னொருத்தியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிலிம் தீரும் வரைக்கும் அவ்வளவுதான். மனித உடம்பின் களைப்பை இத்தனை நேர்மையாக எவரும் பதிவு செய்ததில்லை என்று எழுதினார்கள். மூலையம்மா அதைப் படித்துவிட்டு, வெட்டி எடுத்து, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். துறவிக்கும் தலையணை உண்டு.

தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சி அதிகாரிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

"அற்புதம்மா. ஆனா ஜனங்களுக்குப் புரியணுமே. நடுநடுவுல ரெண்டு வார்த்தை பேசிட்டா..."

"முடியாது."

"நல்ல குரலா போடுறோம்."

"நல்ல குரல்னாலும் முடியாது."

அதிகாரி சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். சிரித்துக்கொண்டே வழியனுப்பும் அதிகாரியை நம்பக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். மூலையம்மா மனிதர்களைப் பார்க்கத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். நம்பினார்.

அடுத்த மாதம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். அதே பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். உடம்புக்குக் கீழே மொடமொடவென்று விரிப்பு. அதை யார் வெளுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தார். சாயங்காலம் வார்டில் டிவி போட்டார்கள். மோட்டார் சத்தம் கேட்டது. ஆவி சீறியது. கொப்பரையின் சிரிப்பு கேட்டது. மூலையம்மா எழுந்து உட்கார்ந்தார். பிறகு அந்தச் சிரிப்பு அமுங்கிப் போயிற்று. அதன் மேல் ஓர் ஆண் குரல் ஏறியது. பட்டு மாதிரி இருந்தது.

"வேலை நேரத்தில் உறக்கம். நோயாளிகள் காத்திருக்க, நம் வரிப்பணம் இங்கே மெத்தையாகிறது..."

அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ், "எவ்ளோ அழகா பேசுறாரு பாருங்க!" என்றாள்.

கண் கட்டியிருந்ததால் மூலையம்மாவுக்குப் பார்க்க முடியவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்தக் குரல் பால் பல் விழுந்த காலத்திலிருந்து அவருக்குத் தெரியும். தம்பி அன்று காலையில்தான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, உரித்துச் சுளை சுளையாக வாயில் ஊட்டிவிட்டுப் போயிருந்தான்.

கட்டைப் பிரித்த அன்று தம்பியிடம் கேட்டார்.

"ஏண்டா?"

"பிலிமையும் ஒலிநாடாவையும் மட்டும் கொண்டுவாங்கன்னுதான் கூப்பிட்டாங்க. கொண்டுபோய்க் குடுத்துட்டு 'சரி சார், வர்றேன்'னேன். நிமிர்ந்து பாத்தாரு. 'யோவ், இப்படி ஒரு குரலை வெச்சுக்கிட்டா மைக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னே?'ன்னாரு. இருபது வருஷமா என் குரலை யாரும் கேட்டதில்லக்கா. நீகூட."

"நீ என்ன படிச்சேன்னு தெரியுமா உனக்கு?"

"எழுதிக் குடுத்தாங்க. படிச்சேன்."

"அவங்க குரல் இருந்த ஒரே நாடா எங்க?"

தம்பி தரையைப் பார்த்தான். புது நாடா கையில் இல்லையாம். அதன் மேலேயே பேசிப் பதிவு செய்துவிட்டார்களாம்.

மூலையம்மா சலவைக்கூடத்துக்குப் போனார். யாரும் திட்டவில்லை. ஆவிக்குள் ஆளாளுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் மூலைக்குப் போய், முக்காலியை எடுத்து வந்து, வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள். சில மாதங்களில் சலவை வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். காரணம் கேட்டவர்களிடம், "அதான் டிவியிலயே பார்த்தீங்களே" என்று நிர்வாகம் சொன்னது. பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள். மூலையம்மா அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. தம்பியோடு பேசுவதையும் நிறுத்தினார்.

நிறுத்தி என்ன? காதுக்கு வாய் முளைத்துவிட்டது. பற்பசைக்குப் பேசினான். இன்சூரன்சுக்குப் பேசினான். வங்கிக்குப் போன் போட்டால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று அக்காவைக் காத்திருக்கச் சொன்னான். பேருந்தில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னான். இருவரும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தார்கள். அவன் தரைத்தளம், அவர் மூன்றாம் மாடி. கட்டடத்துக்கு லிப்ட் வந்தபோது, நம் வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று குடியிருப்போர் சங்கம் பெருமையோடு அவன் குரலையே அதற்குள் வைத்தது. மூலையம்மா முழங்கால் வலியோடு படியேற ஆரம்பித்தார்.

இப்படியிருக்கையில் விருது. சலவைக்கூடத்துப் படத்தை விழாவில் காட்டப் போவதாகச் சொன்னார்கள். குரலை எடுத்தால்தான் வருவேன் என்றார். எடுத்தால் ஒன்றுமே மிஞ்சாதே அம்மா என்றார்கள். ஒன்றுமில்லாமலே ஓட்டுங்கள் என்றார். பிறகு கொப்பரையைத் தேடிக்கொண்டு போனார்.

கொப்பரை இப்போது ஒரு சலவைக்கடையின் பின்னறையில் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டி சட்டைக் கையின் மேல் போய் வந்தது.

"படத்தைக் காட்டுறாங்க. நீங்க வரணும்" என்றார் மூலையம்மா.

"யார் பேசுவா?"

"யாரும் பேச மாட்டாங்க. சத்தமே இருக்காது."

கொப்பரை சட்டையைத் திருப்பிப் போட்டார். காலரை அழுத்தித் தேய்த்தார்.

"எங்க சத்தமும் இல்லையா?"

"அழிச்சுட்டாங்க."

"சரி, வர்றேன். நல்ல பொடவைதான் ஒண்ணு இருக்கு, கட்ட நாளே வரல."

விழா காலையில் நடந்தது. ஏழு பேரும் பேசி முடித்து, விளக்கை அணைத்து, படத்தை ஓட்டினார்கள். சத்தமில்லாமல் ஆவி பறந்தது. சத்தமில்லாமல் பல்செட் கை மாறியது. அரங்கம் பக்தியோடு இருமக்கூடப் பயந்தது. முன்வரிசையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். விரிப்பு மலை வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சாய்ந்தார்கள்.

கொப்பரை தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூலையம்மாவின் காதோடு சொன்னார்.

"அன்னிக்கு எங்களுக்குத் தலைக்கு மேல வேலைம்மா."

"என்னிக்கு?"

"இதோ, இது எடுத்த அன்னிக்கு. படுத்திருக்கோமே. ஆபரேஷன் வார்டு மூட்டை அப்படியே கெடக்கு. படுக்க ஏது நேரம்? நீங்கதான் வாரக்கணக்கா உக்காந்து மூஞ்சி வாடிப் போயிருந்தீங்க. இந்தம்மாவுக்கு நாம சும்மா கெடந்தாத்தான் பிடிக்குது, கொஞ்ச நேரம் படுத்துத் தொலைங்கடின்னு நான்தான் சொன்னேன்."

மூலையம்மா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பிலிம் ஓடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க தம்பிதான் மூக்கைச் சொறிவாரே."

"தூசி..."

"தூசியா? நீங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கண்ணைப் பொட்டிக்குள்ள வெச்சிருப்பீங்க. அவரு பின்னாடி நின்னு சொறிவாரு. சொறிஞ்சா நெஜ ஓட்டம். சொறியலன்னா காலிப் பொட்டி. மொத வாரமே வாசல்ல வெச்சுச் சொல்லிட்டாரு. 'எங்க அக்கா நல்லவதான். ஆனா சொல்லாம எடுப்பா. தெரியாம எதையாச்சும் பேசி மாட்டிக்காதீங்க'ன்னாரு. தங்கமான மனுசன். அப்புறம் அவரே..."

திரையில் ஒருத்தி இன்னொருத்தியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரங்கத்தில் யாரோ விசும்பினார்கள்.

"அந்தக் கால் வலி மட்டும் நெஜம்" என்றார் கொப்பரை.

விளக்கு எரிந்தது. கேடயத்தைக் கொடுத்து, மைக்குக்கு முன்னால் மூலையம்மாவை நிறுத்தினார்கள். அவர் வாயைத் திறந்தார். முன்வரிசையில் நல்ல புடவை உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. மொத்தச் சபையும் எழுந்து நின்று கை தட்டியது. மறுநாள் பத்திரிகைகள் அந்த மௌனத்தை அவருடைய கடைசிப் படைப்பு என்று எழுதின. நாலாவது பேச்சாளர் அதைப் பற்றி ஒரு தொடரே எழுதப் போகிறாராம்.

கொப்பரை பேருந்து பிடித்துக் கடைக்குப் போனார். அரை நாள் லீவுதான் கேட்டிருந்தார்.

மூலையம்மா வீட்டுக்கு வந்து, தரைத்தளத்தில் நின்று, பல வருஷங்களுக்குப் பிறகு தம்பியின் கதவைத் தட்டினார். தம்பி திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் தோசைக்கரண்டி மாதிரி என்னவோ இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"அக்கா."

"மூக்கை எப்படிச் சொறிவே? காட்டு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை இடது கைக்கு மாற்றினான். வலது கையின் ஆட்காட்டி விரலால் மூக்கின் பக்கவாட்டில் இரண்டு தரம் தேய்த்தான்.

"சலவைக்கூடத்துல மட்டுமா?"

"இல்லக்கா."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாத்துலயும்." கரண்டியைத் திருப்பிக்கொண்டே, "குடைக்காரர் படத்துலயும்" என்றான்.

மூலையம்மா கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனையே பார்த்தார். அவனைப் பார்க்காமலேயே இத்தனை வருஷம் ஓடியிருந்தது. மூக்கின் அந்தப் பக்கம் தோல் கொஞ்சம் பளபளப்பாகத்தான் இருந்தது.

"சொட்டு மருந்து வாங்கிக் குடுத்தேனேடா."

"தெனமும் விட்டுக்கிட்டேன்க்கா. எரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உன் சட்டத்துல குறுக்க பேசக் கூடாதே." அவன் கதவை இன்னும் அகலமாகத் திறந்தான். "உள்ள வாக்கா."

அவர் போகவில்லை. படிக்கட்டைப் பார்த்தார். முழங்கால் வேண்டாம் என்றது. லிப்டில் ஏறி மூன்றை அழுத்தினார்.

"கதவு மூடப்படுகிறது" என்றான் தம்பி.